தக்‌ஷிகாவின் அட்டையில் நான் போட்ட சரிகள்

பதினொரு பிள்ளைகளையும் உறங்கப் போட்டுவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். கஞ்சிச் சட்டியை நகர்த்தப் போக, மூடி கைதவறிச் சிமெந்துத் தரையில் விழுந்தது. பிள்ளைக் காம்பராவே அதிர்ந்தது. பத்துப் பிள்ளைகள் ஒரேயடியாக வீரிட்டார்கள். ஒருத்தி மட்டும் தொட்டிலில் வாயைத் திறந்தபடி தூங்கினாள். சுகந்தினியின் மகள் தக்‌ஷிகா, பதினொரு மாதம்.

"எஞ் சமத்துக்குட்டி" என்று வழக்கம்போலக் கொஞ்ச வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டிலுக்குப் பின்னால் போய், மூடியைக் கரண்டியால் அடித்தேன். மற்றதுகள் இன்னும் பலமாக அலறின. அவள் இமைகூட அசையவில்லை. 

தோட்டத்துப் பெண்கள் விடியலில் ரப்பர் வெட்டப் போகுமுன் பிள்ளைகளை இந்தக் காம்பரா அறையில் என்னிடம் விட்டுப் போவார்கள். பத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, அழாத பிள்ளை என்றால் சாமி கொடுத்த வரம். மாதாமாதம் வளர்ச்சி அட்டை வேறு நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? எட்டாம் மாதம் அவள் முகத்துக்கு நேரே நின்று கூப்பிட்டேன், சிரித்தாள், சரி போட்டேன். அடுத்த மூன்று மாதமும் கூப்பிடக்கூட இல்லை. இவளுக்கென்ன குறை என்று சரி, சரி, சரி. அந்த அட்டையை நம்பித்தான் கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்க்கும் மிட்வைப் மிஸ்ஸியும் அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனார். எனக்கெல்லாம் எதற்குப் பேனா!

பதினொன்றரைக்கு சுகந்தினிதான் முதலில் வந்தாள். விரலில் காய்ந்திருந்த ரப்பரை உரித்துக் கழுவிவிட்டு, மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள்.

"நேத்து இடிச்ச இடியில லயத்து வீடெல்லாம் எந்திரிச்சிருச்சி, தங்கம்மாக்கா. இவ அசையணுமே! எல்லாம் ஒங்க வளப்பு" என்று சிரித்தாள்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸியே கண்டுபிடிக்கட்டும், என் பெயர் அடிபடாது. இப்படியும் நினைத்தவள்தான் நான்.

"சுகந்தி, அவளுக்குக் காது கேக்கலன்னு நெனைக்கிறேன்."

"என்னக்கா வெளாடுறீங்க? அட்டையில எல்லாம் சரின்னுதானே போட்டிருக்கு?"

"கூப்புட்டுப் பாக்காமயே நாந்தான் போட்டேன். என்னய ஏசு, அடி, என்ன வேணும்னாலும் செய். ஆனா நாளைக்கே அவிசாவளை ஆஸ்பத்திரிக்குப் போவணும். நானும் வாறேன்."

சுகந்தினி, பால் குடித்து முடித்த பிள்ளையை வாசலைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, பின்னால் போய் நின்றாள்.

"தக்‌ஷி."

கொஞ்சம் பொறுத்து, "தக்‌ஷிகா."

பிறகு தொண்டை கிழிய, "தக்‌ஷிகா!"

பாயில் கிடந்த பத்துப் பிள்ளைகளும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். தக்‌ஷிகா வாசல் வெயிலில் ஊர்ந்த எறும்பைத் தொட விரலை நீட்டிக்கொண்டிருந்தாள்.