திருப்பிச் சொல்லும்வரை

12 அக்டோபர் 1957, சனிக்கிழமை.

நேற்று நான் செய்த பிழை இன்று காலையில்தான் தெரிந்தது. அகரத்துப் பெண்களுக்கு வேலைநிறுத்தச் சேதி போகவில்லை. சொல்லும் பொறுப்பு என்னுடையது.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுத வேண்டும் என்று மாலை வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். கோபத்தில் எனக்கு வரிசை குழம்புகிறது. அதனால் வியாழக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன்.

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் கிழக்கு வெளுக்கும் முன்பே சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிவிடுவோம். ராயப்பராஜ் அண்ணன் தொடையளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று, ஊறிய தோலை அடியிலிருந்து திரட்டி மேலே தள்ளுவார். நான் கரையில் நின்று கொக்கியைப் போட்டு இழுப்பேன். அழுகிய மயிரின் நாற்றம் தொண்டைக்குள் இறங்கும். நகக்கண்ணில் சுண்ணாம்பு புகுந்து எரியும். கொக்கி மாட்டியதும் அவர் கீழிருந்து "பிடிச்சாச்சு" என்பார். நானும் மேலிருந்து "பிடிச்சாச்சு" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் குரல் வராமல் அவர் கையை விடமாட்டார். விட்டால் தோலின் கனம் கரையில் நிற்பவனையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். இது யாரும் போட்ட சட்டம் இல்லை. எங்களுக்குள் இருக்கும் வழக்கம்.

தீபாவளிக்குள் மெட்ராசுக்குச் சரக்குப் போக வேண்டும் என்று முதலாளி புதிதாகத் தொட்டிகள் கட்டுகிறார். பழைய தொட்டிக்கும் புதுத் தொட்டிக்கும் நடுவில் ஒரே சுவர். புதுத் தொட்டிக்குள், அகரம் கிராமத்திலிருந்து கூலிக்கு வரும் பெண்கள் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஊறிக் கசிவதைப் புதன்கிழமையே ராயப்பராஜ் அண்ணன் பார்த்துவிட்டார். மேஸ்திரி பெருமாள்சாமியிடம் சொன்னார். மேஸ்திரி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். கணக்குப்பிள்ளை, முதலாளி நல்ல முகத்தோடு இருக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தார். அந்த நேரம் வரவே இல்லை.

வியாழன் காலை புதிதாகச் சுண்ணாம்புக்கல் கொட்டியிருந்த பழைய தொட்டியை நிரப்பச் சொல்லி முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது. மேஸ்திரி ஆபீஸ் படியில் நின்றபடி துண்டை ஆட்டினார். அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியாது. பம்பு ஓட்டும் மைதீன் பிச்சை துண்டைப் பார்த்துத் தண்ணீரைத் திறந்தார். எஞ்சின் சத்தத்தில் நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. சுவர் பெயர்ந்து விழுந்து, கொதிக்கும் சுண்ணாம்புத் தண்ணீர் புதுத் தொட்டிக்குள் பாய்ந்தது. மற்றப் பெண்கள் எப்படியோ ஏறிவிட்டார்கள். தலையில் மண்கூடையோடு அடியில் நின்ற கண்ணம்மாள் ஏறவில்லை. நாங்கள் தூக்கியபோது முழங்காலுக்குக் கீழே தோல் எங்கள் கையோடு வந்தது.

ஆட்டுத்தோலை உரிப்பதுபோல என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு அதையே திரும்ப எழுதுகிறேன். அப்படித்தான் இருந்தது.

முதலாளி ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயைக் கொடுத்துக் கண்ணம்மாளை மாட்டுவண்டியில் ஊருக்கு அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலமே, பெண்கள் ஊர் திரும்பிய பிறகு, ஆண்கள் கூடி முடிவு செய்தோம். கண்ணம்மாளுக்கு முதலாளி வைத்தியம் பார்க்க வேண்டும். தொட்டியில் நிற்கும் ஆளே வாய்விட்டுச் "சரி" என்று சொல்லாமல் தண்ணீர் திறக்கக் கூடாது. இரண்டுக்கும் பதில் வரும்வரை சனிக்கிழமை முதல் யாரும் இறங்குவதில்லை. சேதியை எல்லாருக்கும் சேர்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான்தான் படிக்கிறவன்.

திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் பேகம்பூர் ஆட்களுக்குச் சொல்வது. மாலையில் ராயப்பராஜ் அண்ணன் தெருவில், மாதா கோவில் மணி அடித்து எல்லாரும் கூடும்போது சொல்வது. இரண்டையும் ஒழுங்காகச் செய்தேன். அகரத்துப் பெண்கள் பள்ளிவாசலுக்கும் வருவதில்லை, அந்தக் கோவிலுக்கும் வருவதில்லை. கண்ணம்மாளைப் பார்க்க அகரம் போகும் மைதீன் பிச்சை சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். பொறுப்பு என்னுடையது, ஆகவே நானே சொல்லியிருப்பேன் என்று அவர் நினைத்தார்.

இன்று காலை ஆண்கள் எல்லாரும் வாசலில் நின்றோம். பெண்கள் வழக்கம்போல வயல் பக்கத்து வழியாக வந்து அடுத்த புதுத் தொட்டிக்குள் இறங்கிவிட்டார்கள். மண்வெட்டிச் சத்தம் எங்களுக்குக் கேட்டது. முதலாளிக்கும் கேட்டது.

"என்னப்பா, மாப்பிள்ளை ஊர்வலமா? எல்லாரும் வெளியில நிக்கிறீங்க?" என்றார்.

"சுவரு ஊறுதுன்னு புதன்கிழமையே சொன்னேன்" என்றார் ராயப்பராஜ் அண்ணன்.

"யார்கிட்ட?"

"மேஸ்திரிகிட்ட."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே. எனக்கு வராத சேதிக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"நேரா உங்ககிட்ட வந்தா வாட்ச்மேன் விட மாட்டேங்கிறான்."

"அது ஒழுங்குடா. ஆளாளுக்கு வந்து பேசுறதுக்கு இது ஷாப்பா, சந்தையா?" உள்ளே கை காட்டினார். "பொம்பளைங்க வேலை பாக்குறாங்க. உங்க ஆளுகளுக்கே ஒழுங்காச் சொல்லத் தெரியல. எனக்குச் சொல்ல வந்துட்டீங்க!"

கணக்குப்பிள்ளை சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கையில் கொக்கி இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

"பொம்பளைங்கள உள்ள தனியா விட்டுட்டு நாம இங்க நிக்கக் கூடாது" என்றார் ராயப்பராஜ் அண்ணன். தலைகுனிந்து உள்ளே போனோம். இன்றும் மேஸ்திரியின் துண்டு ஆடியது. இன்றும் தண்ணீர் பாய்ந்தது. அந்தத் தொட்டியின் சுவரும் கசிகிறது. இன்று அது விழாமல் இருந்தது யாருடைய கவனத்தாலும் இல்லை.

பொழுது சாயும்போது தாடிக்கொம்பு ரோட்டில் பெண்களை மறித்து நின்றோம். முன்னால் வந்தவர் சுந்தரம்மாள் அக்கா. காலையில் நடந்தது அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஏலே அப்பு, ஊரெல்லாம் சொன்னியாமே! எங்களுக்கு மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?"

"தப்பு என்னோடதுதான், அக்கா."

"மொதலாளியும் குழிக்குள்ள நிக்கிறவளுக்குச் சொல்லல. நீங்களும் சொல்லல. அவருக்கும் உங்களுக்கும் என்னடா வித்தியாசம்?"

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

மைதீன் பிச்சைதான் முதலில் பேசினார். வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டில் சொன்னார்கள். "தண்ணியத் திறந்த கை இதுதான் தாயி. இனிமே துண்டப் பாத்துத் திறக்க மாட்டேன். எஞ்சின நிறுத்திட்டுக் கரைக்கு வருவேன். உங்க குரலு கேக்கணும். இல்லைன்னா என்னைய வெட்டிப் போட்டாலும் திறக்க மாட்டேன்."

"வேலைய விட்டு அனுப்பிருவாகளே?"

"அனுப்பட்டும்."

"அம்புட்டு லேசா அனுப்ப விட்டுருவமா?" என்றார் சுந்தரம்மாள். முதல் தடவையாக அவர் குரலில் சூடு தணிந்தது. "சரி. திங்கக்கிழமைக்கு என்ன ஏற்பாடு? இந்தவாட்டியும் காத்துல சேதி அனுப்பாதீங்க."

ரோட்டோரம் உட்கார்ந்து பேசினோம். 'எல்லாருக்கும் சொல்வது' என்று இனி வைத்துக்கொள்ளக் கூடாது என்றேன். எந்தத் தெருவுக்கு யார் போவது என்று பெயர் சொல்லிப் பிரித்தோம். பேகம்பூருக்கு மைதீன் பிச்சை. தன் தெருவுக்கு ராயப்பராஜ் அண்ணன். அகரத்துக்கு நானும் சுந்தரம்மாளும்.

"சொன்னா மட்டும் பத்தாது" என்றார் ராயப்பராஜ் அண்ணன். "தொட்டியில சொல்ற மாதிரி, கேட்ட ஆளு திருப்பிச் சொல்லணும். சொல்லாத ஆளுக்குச் சேதி போகலைன்னுதான் அர்த்தம்."

"மொதலாளியும் திருப்பிச் சொல்லணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். சிரிப்பு எழுந்தது.

"அவரு வாயால வர வைக்கத்தான் திங்கக்கிழமை நிக்கப்போறோம்" என்றார் சுந்தரம்மாள். பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணம்மா காலுக்காகத்தான் இம்புட்டும். அவளக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வியாழக்கிழமை பேசினோம், வெள்ளிக்கிழமை ஊரைச் சுற்றினோம், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்ப அங்கருந்து ஆரம்பிங்க. அவ வேணாம்னா வேற யோசிப்போம். வேணும்னா, திங்கக்கிழமை அவளக் கட்டிலோட தூக்கிட்டு வந்து வாசல்ல வைக்கிறோம். எங்க ஆளுக முன்னால நிப்போம். நீங்க பின்னால நில்லுங்க."

ராயப்பராஜ் அண்ணன் அவரைப் பார்த்து, "திங்கக்கிழமை யாரும் இறங்குறதில்ல. நிக்கிற ஆளு சொல்லாமத் தண்ணி இல்ல" என்றார். சுந்தரம்மாள் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் சொன்னாள். இருட்டிவந்த ரோட்டில் ஒவ்வொரு வாயாக அந்த வார்த்தை கடைசிவரை போய், மைதீன் பிச்சையின் குரலில் எங்களிடம் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. முதலாளி வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவரலாம். மைதீன் பிச்சையின் வேலை போகலாம். இந்தத் தடவையும் நான் எதையாவது விட்டிருக்கலாம். எந்தத் தெருவும் விடுபடவில்லையே என்று மறுபடி சரிபார்த்துவிட்டேன்.

நாளைய வேலை: விடிந்ததும் அகரம் போக வேண்டும். முதலில் கண்ணம்மாள் வீடு. முடிவு செய்ததைச் சொல்லி, அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். அவள் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது.