தாளிக்கும்போது வந்த சத்தம்

பெண்ணைப் பிடிக்கவில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் லுத்ஃபி. கெய்ரோவில் பள்ளிப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்கிற நாவல் அவருடையது. அதைப் படமாக எடுத்திருந்தவள் நிஹால். அவளுக்கு இது முதல் படம். பிடிக்காவிட்டால் அவர் தன் பெயரை எடுத்துவிடலாம் என்பது பேச்சு. அந்தப் பெயர் போனால் படத்தை எந்தத் தியேட்டரும் சீந்தாது.

"அந்தப் பன்னிரண்டு பக்கத்தை என்ன பண்ணினே?" என்றார்.

"தூக்கிட்டேன், உஸ்தாஸ்," என்றாள் நிஹால். பெரிய எழுத்தாளர்களை எங்கள் ஊரில் மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம்.

"முழுசாவா?"

"ஒரு வரி இல்ல. பார்த்துட்டுத் திட்டுங்க."

"திட்டுறதுக்குப் பார்க்கவே வேண்டியதில்லம்மா."

ஊரே அறிந்த பக்கங்கள் அவை. மகளின் நிச்சயதார்த்தத்தன்று, மூத்த மகன் போரில் இறந்த செய்தி அடுக்களை வாசலுக்கு வருகிறது. விருந்தாளிகள் சாப்பிட்டு எழும்வரை தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை. அவள் மனசுக்குள் ஓடுவதுதான் அத்தனை பக்கமும். அவள் தன் சொந்தத் தாய் என்பதையும், அன்று தான் கூடத்தில் விருந்தாளிகளோடு இருந்ததையும் லுத்ஃபி யாரிடமும் சொன்னதில்லை.

படம் ஓடியது. குறை கண்டுபிடிக்க அவருக்கு நிறையவே கிடைத்தது. பிறகு அந்த இடம் வந்தது.

செய்தி சொன்னவனை அனுப்பிவிட்டுத் தாய் அடுப்புக்குத் திரும்பினாள். முலூகியா கொதித்துக்கொண்டிருந்தது. நெய்யில் பூண்டு சிவந்தது. அந்தக் கீரைக் குழம்பில் தாளிப்பைக் கொட்டும்போது பெண்கள் மூச்சை உள்ளே இழுத்து ஒரு சத்தம் போட வேண்டும்; போடாத வீட்டு முலூகியாவை யார் வாயில் வைப்பார்கள்? அவள் கொட்டினாள். சத்தம் வந்தது. வந்தது நிற்கவில்லை. நீண்டு, உடைந்து, மூச்சு முட்டித்தான் ஓய்ந்தது.

"இன்னிக்குக் கீரை பிரமாதமா இருக்கப்போகுது," என்றார் கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தட்டுகளை எடுத்தாள்.

லுத்ஃபிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதன் பிறகு திரையில் என்ன ஓடியதென்று அவருக்குத் தெரியாது. விளக்கு எரிந்ததும் நிஹாலை நிமிர்ந்து பார்த்தார். பேத்தி வயசுப் பெண்ணைக் கண்டு இப்படிப் பிரமித்து நிற்க வேண்டிவரும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"இதை உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. வீடு நிறைய ஆள் இருக்கு, ஒருத்திக்கு அழணும். எங்க போய் அழுவா? அதைத்தான் யோசிச்சேன்."

"எங்க அம்மா அவ," என்றார் லுத்ஃபி. "அன்னிக்கு அவ அழவே இல்லைன்னு எழுதிட்டேன். அழுதிருக்கா. எனக்குக் கேட்டுது. முலூகியான்னு நெனச்சேன்."

நிஹால் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "உங்க பேரை என்ன பண்ணட்டும், உஸ்தாஸ்?"

"இருக்கட்டும். அதுக்கு மேல இன்னொரு பேரையும் போடு."

எங்கள் ஊர் ஆண்கள் தாயின் பெயரை அந்நியர் காதில் போடுவதில்லை. அவரும் இந்த வயதுவரை போட்டதில்லை. நாவலில்கூட அவள் வெறும் அம்மாதான்.

"தவ்ஹீதா," என்றார்.