பழைய மெஷினுக்கு ஒரு நல்ல வார்த்தை

இங்கிலாந்தில் உள்ள வால்சாலில் ஒரு பொருளை வாங்கப் போகிறவன் முதலில் அதைத் திட்டவேண்டும். திட்டாமல் வாங்கினால் ஆளுக்கு ஏதோ கோளாறு என்று பேசிக்கொள்வார்கள். சேணமும் கடிவாளமும் செய்தே வளர்ந்த ஊர் அது. அங்கே யாரும் 'நல்லது' என்ற சொல்லைச் சும்மா செலவழிப்பதில்லை. 'பரவாயில்லை' என்றாலே மாலை போட்டு மரியாதை செய்த மாதிரி.

மால்கம் டோங்ஸ் இந்த விஷயத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவன். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குச் சமைத்துப் போடும் ஜேனட், அதிகபட்சமாக அவனிடம் வாங்கிய பாராட்டு, "தின்ன முடியுது."

அப்படிப்பட்டவனுக்குத் தோலைக் கனவாக்கில் இரண்டாகப் பிளக்கிற ஸ்பிளிட்டிங் மெஷின் ஒன்று வேண்டியிருந்தது. வேலை பார்த்த சேணக் கம்பெனியை மூடிய பிறகு அவன் வீட்டுப் பின்னறையில் கடிவாளம் தைத்துப் பிழைக்கிறான். மடித்துத் தைக்கிற இடத்தில் எல்லாம் தோலின் கனத்தைப் பாதியாகக் குறைக்கவேண்டும். கத்தியால் சீவிச் சீவி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனிக் கத்தியைத் தொட்டால் கையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷின் இருந்தால் வாரை உள்ளே கொடுத்து இடது கையால் கைப்பிடியைச் சுற்றினாலே போதும். அது கிடைக்காவிட்டால் நெடுஞ்சாலை ஓரத்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்கப் போகவேண்டியதுதான்.

விற்கிறவன் டெரெக் ஹிங்லி. அதே கம்பெனியில் இருபது வருஷம் மால்கமுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கைத்தையல் போட்டவன். இப்போது பந்தயப் புறா வளர்க்கிறான். கொட்டகையில் புறாவுக்கு இடம் போதவில்லையாம், மெஷினைத் தள்ளிவிடப் பார்க்கிறான்.

சனிக்கிழமை காலை மால்கம் போனான். டெரெக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான். பிறகு தன் பையிலிருந்து சொந்தத் தோல் வார் ஒன்றை எடுத்தான். விற்கிறவன் கொடுக்கும் தோலில் மெஷினைச் சோதிக்கிற மடையன் அந்த ஊரில் கிடையாது. வாரைக் கொடுத்துச் சுற்றினான். காய்ச்சின பாலில் ஏடு எடுத்த மாதிரி அது இரண்டாகப் பிரிந்து வந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உருவிப் பார்த்தான். எங்கும் ஒரே கனம். மால்கமின் நெஞ்சு துள்ளியது. முகம் மட்டும் துக்க வீட்டுக்கு வந்தவன் முகமாகவே இருந்தது.

"என்னடா இது, கத்தி மழுங்கிக் கெடக்கு?"

"அப்படியா?"

"உருளை வேற தேஞ்சுபோச்சு. ஒரு பக்கம் மொத்தமா வருது, ஒரு பக்கம் மெலிசா வருது. இதை வச்சு வெண்ணெயக்கூட வெட்ட முடியாது."

வழக்கப்படி டெரெக் இப்போது, "உன் கண்ணுதான்டா தேஞ்சுபோச்சு" என்று திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். அதற்குப் பிறகுதான் பேரம். ஆனால் டெரெக் டீக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். தோலைத் தொட்டே சொல்ற ஆளு நீ. கூட வேலை பாத்தவன் தலையில போயி ஓட்டை மெஷினைக் கட்டுவேனா? பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போகட்டும்." சொல்லிக்கொண்டே போனைக் காதில் வைத்து, "ஆமாப்பா, இப்பவே வா" என்றான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். மால்கமுக்கு வியர்த்தது.

"என்னடா அவசரம்? கத்தியைத் தீட்டினா ஒருவேளை..."

"வேணாம்டா. நட்புன்னு ஒண்ணு இருக்குல்ல."

அதற்குமேல் எப்படி இறங்குவது என்று மால்கமுக்குத் தெரியவில்லை. அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் லாரி வந்து நின்றது. டெரெக் மெஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

"டெரெக்."

"என்ன?"

"கத்தி மழுங்கல." மால்கம் எச்சில் விழுங்கினான். "மெஷின்... நல்லா இருக்கு."

சொத்தைப் பல்லைப் பிடுங்கினது போல அந்தச் சொல் வெளியே வந்தது. ஒன்று வந்ததும் மற்றதும் கூடவே வந்தது. "இப்படி வெட்டுற மெஷினை நான் பாத்ததே இல்லடா. இது இல்லேன்னா நான் பெட்டி அடுக்கப் போகணும்."

டெரெக் அவனையே பார்த்தான். "அப்ப நல்லா இருக்குறதைத்தான் நீ மோசம்னு சொல்லுவியா?"

"எல்லாரும் சொல்றதுதானே."

"அப்ப என் தையலு?"

"எந்தத் தையலு?"

"இருபது வருஷம் பக்கத்துல உக்காந்து தச்சேனே. கோழி கிளறின மாதிரி இருக்குன்னு தினமும் சொன்னியே. அதுவும் இப்படித்தானா?"

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். மால்கம் மெஷினைப் பார்த்தான், புறாக்களைப் பார்த்தான். தப்பிக்க வழி இல்லை.

"நீ சாப்பிடப் போனதும் எடுத்து விளக்குல வச்சுப் பாப்பேன்டா. என் தையல் அதுகிட்டகூட வராது."

டெரெக் புறாக்கூண்டுப் பக்கம் திரும்பி, சரியாகவே இருந்த தாழ்ப்பாளை இரண்டு தரம் சரிசெய்தான். மூக்கை உறிஞ்சினான். "சரி, அந்தப் பக்கம் தூக்கு. இடது கையால தூக்கு."

இருவரும் மெஷினை மால்கமின் வேனில் ஏற்றினார்கள். லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். "டெரெக், அந்தப் பழைய பாய்லர் எங்கப்பா?"

"மெஷினுக்குத்தானே உன்னக் கூப்பிட்டான்?" என்றான் மால்கம்.

"எந்த மெஷினு? பாய்லரை எடுக்கக் காலையில வான்னு நேத்தே சொல்லிட்டானே. இன்னைக்கு எனக்குப் போனே வரலையே."

மால்கம் திரும்பினான். டெரெக் தலையைத் தூக்காமல் மெஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். சொன்னதையெல்லாம் வாபஸ் வாங்க மால்கமுக்கு எல்லா நியாயமும் இருந்தது. வாயைத் திறக்கவும் திறந்தான்.

"கயிறு கட்டியிருக்குற லட்சணத்தைப் பாரு."

"ஏன், மோசமா?"

"படுமோசம்."

டெரெக்கின் முகம் மலர்ந்துபோயிற்று.