இன்னும் கொஞ்சம் கறுப்பு

எழுதிப் பழகாத கை இது. சபையறியாமல் பேனாவைத் தொட்டதற்கு வாசகர்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். சொற்பிழை, பொருட்பிழை இரண்டுக்கும் பொறுப்பு என்னுடையதே. கதையினிடையே ஒருவர் தம்மினும் மூத்தவரை எதிர்த்துப் பேசுகிறார். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க மனம் ஒப்பவில்லை.

"இப்பப் பாருங்க சார், எப்படி பளிச்சுன்னு இருக்காங்க!"

ஸ்டுடியோக்காரர் மௌஸை மேலும் சற்று இழுத்தார். திரையில் இருந்த பெண்ணின் நெற்றி மாவு பூசியதுபோல் வெளுத்தது. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"மூக்கோரம் இன்னும் இருட்டா இருக்கே. அதையும் தேய்ங்க," என்றார், பாத்திரம் துலக்கச் சொல்வதுபோல.

இறந்தவளின் தம்பிக்காரர் இருவருக்கும் பின்னால் கைகட்டி நின்றிருந்தார். எவர் எது சொன்னாலும் "சரிங்க" என்பது அவருடைய வழக்கம். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே "சரிங்க சார்" என்றாகியிருந்தது. அன்று காலையிலிருந்தும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மருத்துவர் இதயம் நின்றுவிட்டது என்றபோதும், அஞ்சலி மண்டபத்துக்காரர் மாலைக்குள் முடித்துக்கொள்ளச் சொன்னபோதும்.

உடல் வருமுன் மண்டபத்து மேசைமேல் ஒரு படம் இருக்க வேண்டும். அக்காவுக்கோ படங்களே இல்லை. படமெடுப்பவள் படத்தில் இருப்பதில்லை. தம் கைப்பேசியைத் துழாவியதில் தம்பிக்காரருக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது. ஏரிக்கரையில் குப்புறப் படுத்து வாத்துகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தவள், காலடிச் சத்தத்துக்குத் தலையைத் திருப்பிய கணம் அது. முகம் படத்தை நிறைத்திருந்தது. கன்னத்தில் சேறு. "மெதுவா வாடா எருமை, பறந்திடப்போகுது!" என்று திட்டுவதற்கு வாய் பாதி திறந்திருந்தது.

"சேத்தை எடுத்திடுங்க," என்றார் பெரியம்மா. "வாயை மூட முடியுமா?"

"மூடலாம்மா. இப்ப எல்லாமே முடியும்."

"பரவாயில்லையே. உயிரோட இருந்தப்ப ஒருத்தராலயும் முடியலை."

ஸ்டுடியோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்கா இருந்திருந்தால் அடக்கியிருக்கமாட்டாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயதில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய படத்தைப் பெரியம்மாதான் வேறொரு கடையில் கொடுத்து வெளுத்து வாங்கினார். படத்தைப் பார்த்து வந்தவர்கள், ஆளைப் பார்த்துப் போனார்கள். வீடே வாயடைத்து உட்கார்ந்திருந்தபோது அக்கா தட்டில் மிஞ்சிய இனிப்பை எடுத்துக் கடித்தாள். "படத்துல இருக்கிறவளையே கட்டிக்கச் சொல்லுங்க. சாப்பாட்டுச் செலவாவது மிச்சம்," என்றாள். அதன்பிறகு எவர் கேமராவுக்கும் அவள் நிற்கவில்லை. துணிக்கடையில் பில் போட்டுச் சேர்த்த பணத்தில் தானே ஒரு கேமரா வாங்கினாள். விடுமுறை நாள்களில் ஏரிக்குப் போனாள். வாத்தை நின்றுகொண்டு எடுத்தால் அது தட்டில் வைத்த பண்டம், அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால்தான் அது ஓர் ஆள் என்பாள். ஆகவே சேற்றில் படுத்தாள்.

அந்த ஏரியில் கறுப்பு வாத்து ஒன்று உண்டு. மற்றவர்கள் அதை எடுத்தால் கரிக்கட்டையாகவோ சாம்பல் மூட்டையாகவோதான் வந்தது. அக்காவின் படத்தில் மட்டும் அது கறுப்பாகவே இருந்தது. கழுத்தில் வெயில் பட்ட இடத்தில் பச்சை ஓடியது. ஒருமுறை கணினிமுன் அமர்ந்து அதைத் திருத்திக்கொண்டிருந்தவள் தம்பியிடம் சொன்னாள்:

"கேமராவுக்குக் கறுப்புன்னா பயம்டா. கறுப்பைக் கண்டாலே சாம்பலாக்கிடும், நம்ம பெரியம்மா மாதிரி. வெளிச்சத்தைக் குறைச்சாத்தான் உள்ள இருக்கிறது வெளிய வரும்."

"அச்சுக்கு விட்டுடவா சார்?" ஸ்டுடியோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

திரையிலிருந்து ஒரு பெண் வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அந்தப் பழைய படத்துக்காரி.

"வேண்டாங்க," என்றார் தம்பிக்காரர்.

அந்தச் சொல் அவர் வாயில் புதிதாக இருந்தது. பெரியம்மாவுக்கும் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

"என்னடா வேண்டாம்?"

"இது வேண்டாம் பெரியம்மா. முதல்ல இருந்தமாதிரி வைக்கச் சொல்லுங்க."

"கிறுக்காடா உனக்கு? ஊர்சனம் வரும். போன பிறகாவது அவ லட்சணமா இருக்கட்டுமே."

"போன பிறகு அவ யாரா இருக்கணும்கிறீங்க?"

ஸ்டுடியோக்காரர் செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாக நீக்கினார். வாய் திறந்தது. சேறு வந்தது. நெற்றி பழைய நிறத்துக்குத் திரும்பியது. தம்பிக்காரர் முதன்முறையாகத் திரையருகே வந்து நின்றார்.

"இதுவும் சரியில்லீங்க. என் போனே அவளை ஒரு சுத்து வெளுத்துக் காட்டியிருக்கு. வெளிச்சத்தை இன்னும் குறைங்க."

"சார்... இன்னும் கறுப்பாகிடும்."

"ஆகட்டும்."

"நான் கடை திறந்ததிலேருந்து இப்படி யாருமே கேட்டதில்லை சார்."

"நான் கேக்கறேன். இன்னும் கொஞ்சம். இன்னும்... நிறுத்துங்க. இப்ப கண்ணுல மட்டும் இருட்டை லேசாத் தூக்குங்க. வேற எதையும் தொடாதீங்க."

சாம்பல் விலகியது. கன்ன எலும்பின்மேல் தண்ணீர் மினுங்கியது. காய்ந்த சேற்றுக்கும் தோலுக்கும் இடையே இருந்த வேறுபாடு முடியிழை கனத்தில் தெரிந்தது. விழிகளில் ஏரி இருந்தது.

ஸ்டுடியோக்காரர் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"இந்தப் படத்தை வச்சா நான் மண்டபத்துக்கு வரமாட்டேன்," என்றார் பெரியம்மா. "என் பிள்ளைங்களும் வரமாட்டாங்க. உனக்கு யார் வேணும்னு யோசிச்சுக்கோ."

தம்பிக்காரர் கடைக் கதவைத் திறந்து பிடித்தார்.

"யோசிச்சுட்டேன் பெரியம்மா. வாசப்படி உயரம், பார்த்து இறங்குங்க."

பெரியம்மா பார்த்துத்தான் இறங்கினார். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரிய அளவு போடுங்க," என்றார் தம்பிக்காரர். "கடைசி வரிசையிலேருந்தும் தெரியணும்."

மண்டபத்தில் அந்தப் படத்தின்முன் துணிக்கடைப் பெண்கள் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி, "ஐயோ, திட்ட வர்ற மாதிரியே இருக்காங்க!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பிறகு கைக்குட்டையைத் தேடினாள். அவளுடைய கைப்பையில் அது இல்லை. தம்பிக்காரர் தம்முடையதைக் கொடுத்தார்.

அன்று இழந்தவற்றை ஒழுங்காகச் சொல்லிவிடுவது முறை. அக்கா. பெரியம்மாவின் பேச்சுவார்த்தையும், அவர் வழி உறவினர் அனைவரும். ஒரு கைக்குட்டை. மேலும், அக்கா எடுத்த படங்களெல்லாம் இருந்த அவளுடைய கணினிக்குக் கடவுச்சொல் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஆகவே, வாத்துகள் அத்தனையும்.