நாலாவது கோடு

மணி பன்னெண்டு ஆகப் போகுது. சின்னவ மெதுவா வந்து அம்மா கட்டில் ஓரத்துல உக்காந்தா. கை ரெண்டும் ஐஸா இருந்துச்சு.

"அம்மா, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். சொல்லு."

சொல்லத்தான் வாய் வரல. அம்மா மண் ரகசியச் சங்கத்துக்குச் செயலாளர். மொத்தமே பதினோரு பேர்; தலைவர் பல் டாக்டர். ஞாயித்துக்கிழமையானா ஆளுக்கு ரெண்டு செம்புக் கம்பியை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, பூமிக்கடியில சக்தி ஓடுற கோட்டைத் தேடி நடப்பாங்க. கம்பி ரெண்டும் குறுக்கே சாஞ்சா அங்க கோடு. ரொம்ப வருஷமா ஊருக்கு மூணு கோடுதான். போன மாசம், சங்கத்தை ஆரம்பிச்சவர் வரைஞ்ச பழைய வரைபடத்தை இரவல் வாங்கி, சின்னவகிட்ட குடுத்து அனுப்பி ஜெராக்ஸ் எடுத்தாங்க. அதுல நாலாவதா ஒண்ணு, நேரா டெய்லர் மாமா கடைக்குள்ள போச்சு. போய் நடந்து பார்த்தா, பதினோரு பேர் கம்பியும் அங்க சாஞ்சுது. கோட்டு மேல உக்காந்தா உடம்புக்கு ஆகாதாம். மாமாவுக்கு ஏற்கனவே முதுகு வலி. கேக்கணுமா? இருவது வருஷக் கடையைக் காலி பண்ணி, காலையில ஓனர்கிட்ட சாவியைக் குடுக்கறார்.

"அம்மா, அது கோடே இல்ல. மடிப்பு." சின்னவ சொல்லிட்டா. "மடிக்காதேன்னு நீ சொன்னே. நான் ரெண்டா மடிச்சுப் பையில திணிச்சுட்டேன். ஜெராக்ஸ்ல கறுப்பா விழுந்துடுச்சு. நீங்கல்லாம் கோடு கோடுன்னு குதிச்சீங்க. பயத்துல வாயே திறக்கல."

அம்மா லைட்டைப் போட்டு, பீரோவுல இருந்த ஜெராக்ஸை எடுத்து, ஓரத்தோட ஓரம் சேர்த்து மடிச்சா. நாலாவது கோடு சரியா மடிப்பு மேல உக்காந்துச்சு.

"அப்போ பதினோரு பேர் கம்பியும் ஏண்டி சாஞ்சுது?"

"எல்லாரும் வரைபடத்தைப் பார்த்துட்டுத்தானேம்மா நடந்தீங்க."

அடி விழும்னு பார்த்தா, அம்மா கை போனுக்குப் போச்சு.

"அண்ணே, தூங்கிட்டீங்களா?"

"எங்கம்மா தூங்கறது? கடையிலதான் இருக்கேன். மிஷினைக் கழட்டி வெச்சுட்டு அதையே பார்த்துட்டு இருக்கேன்."

"கழட்டுனதைத் திருப்பி மாட்டுங்க." அம்மா விஷயத்தைச் சொன்னா.

"அப்போ என் முதுகு?"

"கூன் போட்டுட்டு உக்காந்து தைச்சா வலிக்காம என்ன செய்யும்?"

மாமா சிரிச்ச சிரிப்பு ரூம் முழுக்கக் கேட்டுச்சு. "அந்த வாண்டுகிட்ட குடும்மா." சின்னவ வாங்கினா. "ஏம்மா, இதை நேத்தே சொல்லக் கூடாதா? பீரோவைத் தனியாளா வாசல் வரைக்கும் இழுத்துட்டேனே! காலையில வந்து ஒரு பக்கம் பிடி."

"வரேன் மாமா." அப்பத்தான் அவளுக்கு அழுகையே வந்துச்சு.

போனை வெச்சுட்டு, "பல் டாக்டர்கிட்ட யாரும்மா சொல்றது?"ன்னு கேட்டா.

"நான்தான். இனிமே முதல்ல நடை, அப்புறம்தான் வரைபடம். படு."

அங்கேயே அம்மாவை ஒட்டிப் படுத்துக்கிட்டா.

"கால் ஜில்லுன்னு இருக்குடி, தள்ளு," அம்மா சொன்னாளே தவிர, தள்ளல.