கிளிமீனுக்காக ஒரு பொட்டலம்

ஊர்த் தலைவர் செத்து நூறு இரவு முடிந்துவிட்டது. அவர் நினைவாகப் பவளப்பாறைமேல் போட்டிருந்த மீன்பிடித் தடையும் அன்றோடு முடிந்தது. மறுநாள் கடல் வற்றும் நேரத்தில், நினைவு விருந்துக்கு வரும் மலையூர்க்காரர்களுக்கு மீன் பிடிக்க ஊரே வலையோடு இறங்கப் போகிறது என்று எல்லோரும் துள்ளிக்கொண்டு திரிந்தார்கள். உனைசிக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

காரணம் கிளிமீன். உனைசி தினமும் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடல்பாசி பறிக்க இறங்குகிறவள். தடைக்கு எல்லையாக நட்ட கழிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குத் தடை இல்லையே! இரண்டு கோடைக்கு முன்னால் கடல் சூடேறிப் பாறை வெளுத்துப் போனது. போதாததற்கு வைமோரோ ஆறு மலையிலிருந்து சேற்றை அள்ளிவந்து அதன்மேல் கொட்டியது. அப்புறம் பச்சைப் பாசி ஏறி, பாறை பார்க்கவே பூசணம் பிடித்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டது. இந்தத் தடைக்காலத்தில் வலைப்பயம் விட்டுப்போன கிளிமீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து, பொழுதன்னைக்கும் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்றன. தண்ணீருக்குள் தலையை விட்டால் கறுக் மொறுக்கென்று ஒரே சத்தம். அவை சுரண்டிய இடத்தில் துவரம்பருப்பு அளவுக்குப் புதுப் பவளம் தலைகாட்டியிருந்தது. நேற்றுதான் பார்த்தாள். பார்த்த சந்தோஷத்தில் வாயைத் திறந்து ஒரு மடக்கு உப்புத் தண்ணீரையும் குடித்து வைத்தாள்.

நாளைக்கு வலை இறங்கினால் கிளிமீன் போகும். கிளிமீன் போனால் பாசி திரும்ப வரும். பாசி வந்தால் அந்தப் பருப்பெல்லாம் மூச்சுமுட்டிச் சாகும்.

இதை ஊர்ப்பெரியவனிடம் சொல்லலாமே என்றால், ஊர்ப்பெரியவன் அவளுடைய அண்ணன் நெதானி. அந்தப் பக்கத்தில் அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவதே வழக்கமில்லை. அப்படியிருக்க எதிர்த்துப் பேசுவதாவது! அண்ணன் பெண்டாட்டி வழியாகத்தான் சொல்லி அனுப்பினாள். பதிலும் அதே வழியில் திரும்பி வந்தது.

"மலைக்காரங்க பன்னியோட வந்து எறங்கிட்டாங்க. மீன் இல்லாம அவங்கள அனுப்புனா செத்தவருக்கு என்ன மரியாதைன்னு கேக்குறாரு உங்கண்ணன். 'என் தங்கச்சிக்குக் கிளிமீன் என்ன மாமன் மகனா, இப்படி உருகுறா?'ன்னு வேற கத்துறாரு."

மாமன் மகன் என்றதும் உனைசிக்குப் பொறி தட்டியது. அவளுடைய மாமன் மகன் சகேயாசி மலையூர்க்காரன். மலைக்காரர்கள் சார்பில் சபையில் பேசுகிறவனும் அவன்தான். அண்ணன் முன்னால் மூச்சு விட முடியாதவள் இந்த மச்சானிடம் எதையும் பேசலாம். கேலி செய்யாவிட்டால்தான் குற்றம். 

இன்னொன்றும் இருந்தது. இரண்டு ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் கடல்காரர் மீனைத் தொடக் கூடாது, மலைக்காரர் பன்றியைத் தொடக் கூடாது. பிடித்ததும் வளர்த்ததும் அடுத்தவருக்குத்தான். தின்று மாட்டிக்கொண்டவன், கண்டுபிடித்த ஆள் கேட்பதைச் சபையிலேயே கொடுத்தாக வேண்டும். போன தடவை மாட்டிய கடல்காரன் ஒருவன் மனைவியின் கவுனைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி ஆடி வந்தான்.

உனைசி அடுப்படிக்குப் போனாள். சேம்பு இலையை விரித்து, தேங்காய்ப்பால் ஊற்றி, வெங்காயம் போட்டு, டின் மாட்டிறைச்சி வைக்க வேண்டிய இடத்தில் பன்றிக்கறியைப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்துக் கட்டிக் குழியடுப்பில் புதைத்தாள். சகேயாசியே வளர்த்துக் கொண்டுவந்த பன்றி. பாவம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான்.

மத்தியானம் ஈரப்பலா மரத்தடியில் பந்தி விரித்தார்கள்.

"வாங்க மச்சான். மலைப்பக்கம் குளிக்கிற பழக்கம் இன்னும் வரலையா?"

"வந்துச்சு புள்ள. உன் மூஞ்சிய நெனச்சுப் பயந்து பாதி வழியில திரும்பிருச்சு."

பந்தியே சிரித்தது. 

"நீங்க உக்காந்திருக்கீங்களே வெள்ளை மணலு, அது என்னன்னு தெரியுமா? கிளிமீன் பாறையக் கடிச்சுத் தின்னுட்டு வெளிக்கிருந்தது."

"அதான் உங்க ஊர்க்காரங்க பொறந்ததுல இருந்து இதுலயே உருளுறீங்களாக்கும்."

உனைசி பொட்டலத்தை அவன் முன்னால் வைத்தாள். "டின் கறி மச்சான். ஒங்களுக்குன்னே பாத்துப் பாத்துச் செஞ்சேன்."

சகேயாசி இலையைப் பிரித்தான். ஆவி முகத்தில் அடித்தது. குனிந்தவன் ஒரு விநாடி அப்படியே இருந்தான். நிமிர்ந்து உனைசியைப் பார்த்தான். பிறகு பொட்டலத்தை முழுசாகத் தின்று, விரலையும் சூப்பினான்.

"பன்னி!" உனைசி துள்ளி எழுந்தாள். "மச்சான் பன்னியத் தின்னுட்டாரு! எல்லாரும் பாத்துக்கங்க!"

பந்தி இரண்டுபட்டது. ஒருவன் இலையை மோந்து பார்த்து உறுதி சொன்னான். கடல்காரர்கள் ஆர்ப்பரித்தார்கள். மலைக்காரர்களோ தங்கள் ஆளையே கிழித்துத் தொங்கவிட்டார்கள். சகேயாசி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "கேளு புள்ள" என்றான்.

"நாளைக்கு எங்க பாறையில வலை எறங்கக் கூடாது. அங்க மொளைச்சிருக்கிற பவளம் என் கையளவுக்கு வளர்ற வரைக்கும் அந்தப் பாறை மீன நீங்க கேக்கவும் கூடாது, நாங்க குடுத்தா வாங்கவும் கூடாது."

"ப்பூ, இவ்வளவுதானா!" என்றான் ஒரு மலைக்காரன். கையளவு வளர எத்தனை வருஷம் ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. உனைசியும் வாயைத் திறக்கவில்லை.

நெதானி எழுந்தான். முகம் சிவந்திருந்தது. தங்கையைத் திட்ட வழியில்லாமல் சகேயாசி பக்கம் திரும்பினான். "விருந்தாளி நீங்க சொல்லுங்க மச்சான். மீனு வேணுமா, வேண்டாமா?"

"கேட்டுட்டா. குடுத்துத்தானே ஆகணும்? வேண்டாம்."

விருந்தாளியே வேண்டாம் என்றபின் யாருக்காக வலை போடுவது? சபையில் கொடுத்ததை மீறவும் முடியாது. நெதானி உட்கார்ந்துவிட்டான்.

இனி மீனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று வெயில் தாழ மலைக்காரர்கள் படகேறக் கிளம்பினார்கள். உனைசி ஆற்றங்கரை வரை வந்தாள். மச்சானை இன்னும் கொஞ்சம் சீண்டாமல் அனுப்ப அவளுக்கு மனசில்லை.

"ஏமாந்துட்டீங்களே மச்சான்! டின் கறிக்கும் பன்னிக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு எதுக்கு?"

சகேயாசி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பன்னி வளக்குறவன்டி நான். நீ பொட்டலத்தத் தூக்கிட்டு வரும்போதே வாசனை புடிச்சிட்டேன். என் பன்னியோட வாசனை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் தின்னீங்க?"

"நீ என்னமோ கேக்கப்போறன்னு மூஞ்சியிலயே எழுதியிருந்துச்சு. ரெண்டு கோடைக்கு முந்தி சரிவுல காட்ட எரிச்சு இஞ்சி போட்டமே, முத மழைக்கே மண்ணெல்லாம் ஆத்துல எறங்கிப் போச்சு. அது எங்க போயி உக்காந்துச்சுன்னு எனக்குத் தெரியும் புள்ள. நானா மீனு வேண்டாம்னு சொன்னா உங்க ஊருக்கு அவமானம். நீங்க மீனு இல்லைன்னு சொன்னா எங்களுக்கு அவமானம். நடுவுல ஒரு கிறுக்கன் மாட்டிக்கிட்டா யாருக்கும் ஒண்ணுமில்ல பாரு."

படகிலிருந்து கூப்பிட்டார்கள். "ஏய் பன்னி! ஏறு, நேரமாச்சு!"

மலையில் ஒரு தடவை ஒட்டிய பட்டப்பெயர் உரியாது. இனி அவன் சபையில் எழுந்தாலும் 'பன்னி' பேசுகிறான் என்பார்கள். அவன் பேரப்பிள்ளைகளைக்கூட அந்தப் பேரைச் சொல்லித்தான் அடையாளம் காட்டுவார்கள். அது தெரிந்தேதான் தின்றிருக்கிறான். உனைசி தண்ணீரில் இறங்கி, அவன் ஏறுவதற்காகப் படகை ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.

"வர்றேன்டா, வர்றேன்" என்று அந்தப் பேருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே சகேயாசி படகில் ஏறினான்.