நிலுக்ஷிக்கு அழுத்தம் நூற்றுப்பத்து

இதனால் சகல தோட்ட மக்களுக்கும் அறிவிப்பது யாதெனில், பெரகலச் சந்திக்கு மேலேயுள்ள எங்கள் தோட்டத்தில் சிறுவர் மன அழுத்தம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒழிக்கப்படும். தொழிற்சங்கத் தலைவர் விளக்கேற்றுவார். கேசரி உண்டு.

தலைவர் பத்தரைக்கு வந்தார். விளக்கு காற்றில் மூன்று தடவை அணைந்தது. தோட்ட டிஸ்பென்சரியை ஆளும் யாகோப்பு ஐயா பொன்னாடையோடு மேடையில் வீற்றிருந்தார்.

கொழுந்து பறிக்கும் றீட்டா அவரைத் தேடித்தான் வந்தாள், விழாவுக்கல்ல. பக்கத்தில் பதினொரு வயது மகள் நிலுக்ஷி. மூன்று மாதமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சிரிப்பதில்லை, பள்ளிக்கூடம் போவதில்லை. "சோம்பேறி" என்றது அவர்களுடைய லயத்து வீட்டு வரிசை. "கண்ணூறு" என்றது அடுத்த லயம். பிரசாந்தினி டீச்சர் மட்டும், "இது சோம்பலில்லை, வருத்தம், ஒரு நோய். சுகப்படுத்தலாம், பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்று, 'மன அழுத்தம்' எனத் தாளில் எழுதியும் கொடுத்தார்.

அந்தத் தாளோடு றீட்டா மூன்று வாரம் டிஸ்பென்சரிக்கு நடந்தாள். "என் கடிதம் இல்லாமப் பதுளையில வாசல் மிதிக்க விடமாட்டாங்க. அடுத்த கெழம வா." இதுதான் ஐயா செய்த வைத்தியம்.

முந்தின நாள் நிலுக்ஷி கேட்டாள்: "நான் இல்லாட்டி ஒனக்கு லேசா இருக்கும்ல, அம்மா?"

அதனால்தான் றீட்டா மேடை வரைக்கும் ஏறிவிட்டாள்.

"ஐயா, கடிதம். பதினொரு மணி பஸ்ஸு போயிரும்."

ஐயா தாளைப் படித்தார். மைக்கைப் பிடித்தார். "அழுத்தமா? இப்பவே பாத்துருவோம்!" மேசையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த பிரஷர் மெசினின் பட்டியைப் பிள்ளையின் கையில் சுற்றி, புஸ்புஸ்ஸென்று காற்றடித்தார்.

"நூத்திப்பத்துக்கு எழுவது! அழுத்தமே இல்ல!"

கைதட்டல். தலைவர் நிலுக்ஷியோடு நின்று படம் பிடித்துக்கொண்டார்.

"கையில இல்லீங்க ஐயா, மனசுல."

"மனசுக்குக் கட்டுற பட்டி இன்னும் வரல, புள்ள!"

கூட்டம் சிரித்தது. நிலுக்ஷி தரையைப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத் தெரியலன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே, ஐயா. மூணு வாரம்!" என்றாள் றீட்டா. மைக் அதையும் தோட்டத்துக்கே சொன்னது.

பட்டியை அவளே பிரித்தெடுத்தாள். கேசரியும் இல்லாமல், கடிதமும் இல்லாமல் பஸ் ஏறினாள். விரட்டினால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது என்று முடிவு.

பதுளை ஆஸ்பத்திரியில் தாதி நஸ்லியா துண்டுச் சீட்டில் பெயரெழுதி நீட்டினாள். "இருங்க, பிள்ளைகளப் பாக்குற டொக்டர் கூப்பிடுவாங்க."

"எங்கிட்டக் கடிதம் இல்லீங்களே, மிஸ்."

"என்ன கடிதம்?"

அப்படியொரு கடிதம் தேவையே இல்லை.